திரைமேல் ஒரு பொம்மை: தொடுதிரை விளையாட்டுக்கு எது தோது?

தொடுதிரையில் பந்தயக் கார் ஓட்டினால் கட்டைவிரலுக்கு அடியில் எதுவுமே தட்டுப்படாது. பட்டன் எங்கே என்று தடவிப் பார்க்கவும் வழியில்லை. தடவினால் அதையே அமுக்கியதாகத் திரை எடுத்துக்கொள்ளும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆளுக்கொரு பொருளைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

எனக்குப் பிடித்தது, மின்சாரம் கடத்தும் பொருளை நேரடியாகத் திரைமேல் வைப்பது. ஒரு நாணயத்தைத் திரையில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் நடக்காது. அதன்மேல் விரலை வையுங்கள், திரை உடனே விழித்துக்கொள்ளும். நாணயம் வெறும் பாலம்தான். திரை உணர்வது நம் உடம்பை. டிஸ்னி 2011இல் 'கார்ஸ் 2' படத்தை ஒட்டி ஐபேடுக்கு விட்ட ஆப்மேட்ஸ் பொம்மைக் கார்களும் இந்த வகைதான். அடியில் இருக்கும் தொடுபுள்ளிகளின் அமைப்பை வைத்து எந்தக் கார் என்று செயலி கண்டுபிடிக்கும். கையை எடுத்தால் கார் காணாமல் போய்விடும் என்பதுதான் இதன் பெரிய தலைவலி. இன்னொன்று, ஒரு காய்க்கு மூன்று புள்ளி என்றால் இரண்டு காய்க்கு ஆறு. ஐபோன் ஒரே நேரத்தில் 5 தொடுதல்களைத்தான் கணக்கில் எடுக்கும். அதனால் இருவர் ஆடும் ஆட்டத்துக்கு ஐபேடுதான் சரி.

ஆஸ்மோ என்ற குழந்தைகள் விளையாட்டுத் தொகுப்பு போன வழியே வேறு. ஐபேடின் முன்கேமராமேல் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டி, பார்வையை மேசைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கட்டைகள் மேசையில் கிடக்கும், கை படவே வேண்டாம், எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். குழந்தைகளின் புதிர்களுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வெளிச்சம் குறைந்தால் தடுமாறும். விறுவிறு ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நின்டெண்டோவின் அமீபோ மாதிரி என்எஃப்சி (பக்கத்தில் கொண்டுபோனால் கம்பியில்லாமல் படிக்கக்கூடிய சிப்) பொம்மைகள் 'நான் இன்னார்' என்று சொல்வதோடு சரி. எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரியாது.

சுடும் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு புளூடூத் கேம்பேடுதான் நம்பகமானது. 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களையே ஐபோனில் இணைக்கலாம். ஆட்டமும் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்காத ஆட்டம் என்றால் திரை ஓரத்தில் மாட்டும் ட்ரிகர் என்ற சின்னப் பட்டன்தான் கதி. அதிலும் நாணயத்தின் வித்தைதான், விரலின் தொடுதலைத் திரைக்குக் கடத்தும். தடித்த ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.