மாக் இன்டர்வியூ சேவை ஒன்று: கடைசி அரை மணி நேரத்துக்குக் காசு கொடுக்கலாம்

குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. நிஜ இன்டர்வியூ மாதிரியே கேள்வி கேட்டுப் பழக்கிவிடுகிற சேவை. ஆன்லைனில் ஒன்றரை மணி நேரம், 1,500 ரூபாய் என்று விளம்பரம். பணம் கட்டும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,770. முதல் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஏன் வேலை மாறுகிறீர்கள், பழைய ப்ராஜெக்ட்டில் என்ன செய்தீர்கள். இதெல்லாம் யூடியூபில் தமிழிலேயே கொட்டிக் கிடக்கிறது, காசு தண்டம். நான் புக் செய்தது கடைசி அரை மணி நேரத்துக்காக. இன்டர்வியூ முடிகிற நேரத்தில் "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்களே, நம்மில் பாதிப் பேர் "நோ சார், தேங்க் யூ" என்று எழுந்து வந்துவிடுவோமே, அந்த இடத்தை மட்டும் தனியாகப் பழக்குகிறார்கள்.

எதிரே உட்கார்ந்தவர் ஐடி கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்த்த ஒரு மேடம். அவரிடம் பிடித்தது, நாம் கேட்கிற கேள்விக்கு நிஜ எச்.ஆர். மாதிரியே மழுப்புவார். "வொர்க் லைஃப் பேலன்ஸ் எப்படி மேடம்?" என்றேன். "நாங்க எல்லாம் ஒரே ஃபேமிலி மாதிரிங்க" என்று சிரித்தார். அப்புறம் நிறுத்தி, "இதுக்கு வேற பதில் எவன் சொல்லுவான்? நடந்ததைக் கேளுங்க" என்றார். கடைசி ரிலீஸ், அதாவது முடித்த சாஃப்ட்வேர், எப்போது வெளியே போனது, அந்த வார சனி ஞாயிறில் டீமில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்று கேட்டால் மேனேஜர் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஓனரிடம் தண்ணி எப்படி என்றால் "பிரச்சினையே இல்ல" என்பார், போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினீங்க என்றால்தான் விஷயம் வெளியே வரும், அதே கதைதான்.

ஷிஃப்ட் கேள்வியையும் இப்படித்தான் மாற்றினார். "ஜெனரல் ஷிஃப்ட்தான்" என்று சொல்லிவிடுவார்கள், பொய்யும் இல்லை. ஆனால் கிளையண்ட் எந்த ஊர், அவர்களோடு தினசரி மீட்டிங் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்கு அவர்கள் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. ஆபீஸ் சிறுசேரியிலும் வீடு பெரம்பூரிலும் இருக்கிறவருக்கு அதற்கு மேல் கிளம்பி எப்போது வீடு வந்து சேர்வது? கேப் உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிட வேண்டும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதிலும் தெளிவாக இருந்தார். டெக்னிகல் ரவுண்டில் வந்த டீம் லீடிடம் லீவ் பாலிசியைக் கேட்டால் அவருக்கே தெரியாது. அவரிடம் கேட்க வேண்டியது, இந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் இப்போது எங்கே என்பது. 

ஒரு விஷயத்தில் மட்டும் மேடத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. ஆஃபர் கைக்கு வரும்வரை சம்பளப் பேச்சை எடுக்காதீர்கள் என்கிறார். முதல் ரவுண்டுக்குச் சரி. எச்.ஆர். ரவுண்டில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? சிடிசி, அதாவது கம்பெனி நமக்காக வருஷத்துக்குச் செய்கிற மொத்தச் செலவு, 6 லட்சம் என்றால் மாதம் 50,000 என்று மனக்கணக்குப் போடுகிறோம். அதில் 10 சதவீதம் வேரியபிள், அதாவது மாதாமாதம் வராமல் வேலையைப் பார்த்துப் பிறகு கொடுக்கிற பகுதி, என்றால் 5,000 அங்கேயே போச்சு. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 25,000 என்று வைத்தால், கம்பெனி கட்டுகிற பி.எஃப். 12 சதவீதம் 3,000, கிராஜுவிட்டி 4.81 சதவீதம் என்று இன்னொரு 1,200, இரண்டையும் சிடிசிக்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். நம் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000. கைக்கு வருவது 37,000 சொச்சம். சிடிசி பிரேக்கப் கொடுங்கள், போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள், நோட்டீஸ் 90 நாளா, மீதி நாளுக்குப் பணம் கட்டி முன்பே கிளம்புகிற பை-அவுட் உண்டா, இதையெல்லாம் மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தானே.

இப்போது குறைகள். செஷன் தாமதமாகத்தான் ஆரம்பித்தது, ரெக்கார்டிங் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. கூடவே தருகிற கேள்விப் பட்டியல் பிடிஎஃப் அப்படியே அமெரிக்கச் சரக்கு. இரவில் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று டைடல் பார்க்கில் உட்கார்ந்திருக்கும் மேனேஜரிடம் கேட்டால் "என் ரெண்டாவது பையன்" என்பார். ஃப்ரெஷர்களுக்கு வேண்டியது அதில் ஒன்றுமே இல்லை. சர்வீஸ் பாண்ட் உண்டா, எத்தனை வருஷம், நடுவில் போனால் எவ்வளவு கட்டணும், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? காலேஜ் முடித்து வருகிற பிள்ளைகள் மாட்டுவது இங்கேதான், இதைச் சேர்க்கச் சொல்லி ஃபீட்பேக் ஃபார்மில் எழுதியிருக்கிறேன்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 நேர்முகத்துக்குத் தயாராகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அங்கே கேட்கிற வேலை போர்டுக்குத்தான். இரண்டு மூன்று வருஷ அனுபவத்தோடு கம்பெனி மாறுகிறவர்களுக்கு 1,770 கொடுக்கலாம். கடைசி அரை மணி நேரத்தை மட்டும் தனியாக விற்றால் இன்னும் நல்லது, கேட்டேன், அப்படி பேக்கேஜ் இல்லையாம். வார நாள் ஸ்லாட்டாக எடுங்கள். சனி ஞாயிறுக்கு 300 ரூபாய் கூடுதல்.