தொண்டிப் பக்கம் விடிகாலை வள்ளம்: கடல்குதிரை பார்க்கப் போகிறவர்களுக்கு

கடல்குதிரைகள் எப்படி ஜோடி சேர்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. போன பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் ஓர் அண்ணனின் வள்ளத்தை வாடகைக்குப் பேசி 41 விடிகாலைகள் கடலுக்குப் போனேன். களப்பணிக்கு இந்தப் பக்கம் வருகிற மாணவர்கள் படகுக்கு யாரைப் பிடிப்பது என்று அலைகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் விடிகாலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜோடி சேர்ந்த கடல்குதிரைகள் பகலெல்லாம் ஒட்டிக்கொண்டே திரிவதில்லை. விடிந்த கொஞ்ச நேரத்தில் பெண், ஆண் இருக்கும் இடத்துக்கு வரும். இரண்டும் நிறம் மாறிப் பளிச்சென்று ஆகும். ஒரே கடல்புல்லின் தண்டை வாலால் பற்றிக்கொண்டு சுற்றிவரும். சில நிமிடங்களில் பெண் தன் வழியே போய்விடும். ஆஸ்திரேலியாவில் ஹிப்போகேம்பஸ் வைட்டி என்ற இனத்தைக் கடலுக்கடியிலேயே கவனித்து, ஆய்வாளர்கள் அமாண்டா வின்சென்ட்டும் லைலா சாட்லரும் 1995இல் இதை எழுதினார்கள். ஆண் தன் பையில் முட்டைகளைச் சுமக்கும் நாட்களிலும் இந்தச் சந்திப்பு நிற்காது. இங்கே பாக் விரிகுடாவில் நான் பார்ப்பது ஹிப்போகேம்பஸ் குடா என்ற இனம். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு.

இந்த அண்ணனிடம் வருவதற்கு முன், முதல் மூன்று வாரம் வேறொரு படகில் போனேன். இடம் வரைக்கும் இன்ஜின் ஓடும். நங்கூரத்தை நேராகக் கடல்புல்லுக்குள் போடுவார்கள். ஒருநாள் அதைத் தூக்கும்போது வேரோடு ஒரு கொத்து மேலே வந்தது. நான் அடையாளம் வைத்திருந்த ஜோடி அந்த இடத்தில்தான் இருந்தது. அப்புறம் அவற்றை நான் பார்க்கவே இல்லை. அன்று கரைக்கு வந்து அழுதேன்.

இந்த அண்ணன் அப்படியில்லை. புல் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே இன்ஜினை நிறுத்திவிடுவார். அங்கிருந்து நீளக் கம்பை ஊன்றித் தள்ளித் தள்ளித்தான் போவோம். மணல் திட்டு பார்த்துத்தான் நங்கூரம் இறக்குவார், அதையும் கையால் மெதுவாக. நான் தண்ணீருக்குள் இருக்கும் வரை வள்ளத்தில் ஒரு பாத்திரம்கூட உருளாது.

இதையெல்லாம் விடப் பெரிது அவருடைய அறிவு. 2001இல் கடல்குதிரையும் கடல் அட்டையும் பிடிக்கத் தடை வரும் முன், இளவயதில் இதே புல்வெளிகளில் முங்கிப் பிடித்தவர் அவர். காய வைத்து வியாபாரியிடம் கொடுப்பார்களாம். இரண்டாம் நாள் அவர் சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது: "பாப்பா, ஒண்ணு கிடைச்சா உடனே மேல வரமாட்டோம். கையெட்டுற தூரத்துல சோடி இருக்கும், தேடு." நான் கட்டுரைகளில் படித்துத் தெரிந்துகொண்டது அவர் கைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அவர் காட்டிய ஒரு திட்டில் மட்டும் நான்கு ஜோடிகள் கிடைத்தன.

மார்ச் கடைசியில் ஒருநாள். இடுப்பளவை விடக் கொஞ்சம் கூடுதல் ஆழம். மூச்சுக்குழாயோடு மிதந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் வரை பை புடைத்திருந்த ஆண், அன்று வயிறு தளர்ந்து நின்றது. குட்டிகள் இரவிலேயே வெளியேறிவிட்டிருந்தன. பெண் வந்தது. வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிவது அன்று முடியவில்லை. ஆண் வாலை மடக்கி மடக்கிப் பைக்குள் தண்ணீரை வாங்கி வாங்கி வெளியே விட்டது. பெண் மூக்கை மேலே தூக்கிக் காட்டியது. இரண்டும் தண்டை விட்டுச் சேர்ந்து எழும்பின, திரும்ப இறங்கின, மறுபடி எழும்பின. மணி ஒன்பது தாண்டிவிட்டது. கடைசியில் வயிறோடு வயிறு ஒட்டி, சில விநாடிகளில் பெண்ணின் முட்டைகள் ஆணின் பைக்கு மாறின. தலையைத் தூக்கிப் பார்த்தால், எட்டரைக்குக் கரை சேர வேண்டிய அண்ணன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுத்தபோது வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. ஏணி கிடையாது, விளிம்பைப் பிடித்து ஏறித்தான் ஆக வேண்டும். என் முழங்கை இரண்டும் சிராய்த்துவிட்டன. உயிர்காப்பு அங்கி இரண்டுதான் இருக்கிறது, மூன்று பேர் போனால் ஒன்று நீங்களே கொண்டு போங்கள். பெண்களுக்கு உடை மாற்ற மறைவு இல்லை. இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுநாளிலிருந்து அண்ணனின் மனைவி, மதினி, ஒரு பழைய சேலையோடு கூட வந்துவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்க, நான் மாற்றிக்கொள்வேன். ஆனால் மதினி வர முடியாத நாட்களில் சிரமம்தான்.

காலை நாலரைக்குக் கிளம்பி எட்டரை வரை, டீசலோடு சேர்த்து 1,800 ரூபாய். முதல்நாள் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, கலங்கிக் கிடக்கும், அப்போது கூப்பிட்டாலும் வரமாட்டார். நடுவில் ஒருநாள் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா" என்று வள்ளத்தைத் திருப்பினார். டீசல் காசுகூடக் கேட்கவில்லை.

ஆய்வுக்கு வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள். வள்ளத்தில் ஏறும் முன் அவரே அதைத்தான் முதலில் கேட்பார். கடல்குதிரையைத் தொட்டுப் பார்க்கிறேன், கரைக்கு எடுத்து வருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்றவே மாட்டார்.