காந்தும் முகத்துக்கு எது நல்லது: ஃபேஷியலா, பீலா, சிவப்பு லைட்டா?

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வீசத் தொடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் இடைவெளி அது. தை முடியும்வரை பனைமரங்கள் சலசலத்துக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துணி அரை மணியில் மொடமொடவென்று ஆகிவிடும். முகத்துக்கும் அதே கதிதான். கோபாலபுரத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் பார்லர் வைத்திருக்கிறேன். "முகம் காந்துதுங்க்கா" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இந்த மாதங்களில்தான் அதிகம். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: எந்த ட்ரீட்மென்ட் எடுக்கலாம்?

போன மார்கழியில் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்தார். கல்யாணத்துக்கு 5 வாரம் இருந்தது. "அம்மணி, நாலு ஃபேஷியல் போட்டுவிட்டா முகம் பளிச்சுன்னு ஆயிருமில்லீங்க?" என்றார். முகத்தைத் துடைக்கலாமென்று வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கன்னத்தில் வைத்தேன். அந்தப் பெண் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். கன்னத்தின் தோல் மெழுகு தடவியதுபோல மினுங்கியது. மூக்கோரத்தில் பொடிப்பொடியாக உரிந்திருந்தது. கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது. நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. இந்தச் சூடும் மினுமினுப்பும் திட்டுத்திட்டான பழுப்பும்தான் அடையாளம்.

இப்படி முகம் காந்துவது ஸ்கின் பேரியர் கெட்டுப்போனதால்தான். ஸ்கின் பேரியர் என்று சொல்வது தோலின் மேல் அடுக்கை. பனையோலை வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த ஓலைகள்தான் செல்கள். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். இதில் ஏறக்குறைய பாதி செராமைடுதான். ஓலை நகர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும், வெளியில் இருப்பதெல்லாம் உள்ளே இறங்கும். ஆரோக்கியமான தோலின் அமிலத்தன்மை பி.ஹெச். 5 அளவில் இருக்கும். குளியல் சோப்பு 9, 10. எண் ஏற ஏற அமிலம் குறைந்து காரமாகும். நாளுக்கு மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவி, அதற்குமேல் ஸ்க்ரப்பும் தேய்த்தால் கூரை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

முதலில் எங்கள் கடைகளில் வழக்கமாகப் போடும் ஃபேஷியல். ஆவி, ஸ்க்ரப், அழுத்தி மசாஜ், பேக் என்று வரிசையாகச் செய்வோம். நல்ல தோலுக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. பேரியர் போன தோலுக்கு இதில் ஒவ்வொரு படியும் ஒரு அடி. ஆவி சூட்டைக் கூட்டும், ஸ்க்ரப் மிச்சமிருக்கும் ஓலையையும் பிய்க்கும், பேக்கில் இருக்கும் வாசனை எரியும். பிளீச் இன்னும் மோசம், அதில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும். என் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஃபேஷியலில்தான் வருகிறது. ஆனாலும் காந்துகிற முகத்துக்கு நான் இதைப் போடுவதில்லை.

ஹைட்ராஃபேஷியல் அதைவிட மென்மையானது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி சரி. கையால் தேய்ப்பதில்லை. தண்ணீரைச் சுழற்றி விட்டு அழுக்கை உறிஞ்சி, பிறகு சீரம் ஏற்றுகிறார்கள். ஆனால் வழக்கமான முறையில் நடுவில் கிளைகாலிக், சாலிசிலிக் அமிலக் கரைசல் ஒரு படியாக வருகிறது. ஆறிவரும் தோல் என்றால் அந்தப் படியை விட்டுவிட்டு உறிஞ்சலையும் குறைத்து வைக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்டும் "எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே மாதிரித் தோற்றத்தில் நிறைய மெஷின்கள் புழங்குகின்றன. மெஷின் பெயரைவிட பாட்டிலில் என்ன ஊற்றியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பாட்டிலைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. தண்ணீர் பட்டாலே எரிகிற நிலையில் இருப்பவர்களுக்கு உறிஞ்சலே கூடாது.

கெமிக்கல் பீல், அதாவது அமிலம் தடவித் தோலை உரிக்கும் முறை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் தினமும் ஸ்கூட்டரில் போய்வரும் ஒரு டீச்சர் எனக்கு நல்ல பழக்கம். எதிர்க்காற்றில் முகம் காய்ந்து எரிய, வேறொரு ஊரில் ஒரு இடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். "டெட் ஸ்கின்தான், எடுத்துவிடலாம்" என்று அன்றைக்கே கிளைகாலிக் பீல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் இரண்டு கன்னத்திலும் கருத்த திட்டு. அது மங்க ஏழெட்டு மாதம் ஆனது. கிளைகாலிக் சின்ன மூலக்கூறு, வேகமாக இறங்கும். மாண்டெலிக் கொஞ்சம் பெரியது, மெதுவாக இறங்கும். லாக்டிக் இதமானது என்பார்கள். தோல் முழுசாக இருக்கும்போதுதான் இந்த வித்தியாசத்துக்கெல்லாம் அர்த்தம். கூரை பிரிந்த இடத்தில் எந்த அமிலமும் தான் நினைத்த ஆழத்துக்கு இறங்கிவிடும். நம் போன்ற மாநிறத் தோலில் சின்ன எரிவுகூட கருப்பாகத்தான் ஆறும். உரிவதைப் பார்த்து அதை அழுக்குத் தோல் என்று நினைப்பதுதான் தவறு. ஒட்டிக்கொள்ள முடியாமல் உதிர்கிற தோல் அது. அதை உரித்து எடுப்பதில் என்ன லாபம்? மெஷினால் தோலைச் சுரண்டும் மைக்ரோடெர்மாப்ரேஷன், நுண்ணிய ஊசியால் குத்தும் மைக்ரோநீட்லிங், முகத்தில் பிளேடு போடும் டெர்மாபிளேனிங் எல்லாவற்றுக்கும் இந்தக் கட்டத்தில் பதில் ஒன்றுதான், வேண்டாம்.

எரிகிற முகத்துக்கு நான் செய்யத் துணிவது இரண்டுதான். ஒன்று சிவப்பு எல்.இ.டி. லைட். 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளி, சில மெஷின்களில் கூடவே 830ஐ ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளியும் இருக்கும். கண்ணை மூடி 10, 15 நிமிடம் படுத்திருந்தால் போதும், முகத்தை எதுவும் தொடாது. இதன் பெரிய பலமே அதுதான். வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்க உதவும். ஆனால் ஒரு சிட்டிங்கில் பெரிதாக ஒன்றும் தெரியாது, போன செராமைடையும் அது கொண்டுவந்து நிரப்பாது. பருவுக்கென்று அதே மெஷினில் நீல லைட்டும் இருக்கும். மாநிறத் தோலில் நீல ஒளி கருமையைக் கூட்டக்கூடும், அதனால் சிவப்பு மட்டும் என்று சொல்லிவிடுங்கள். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) இருப்பவர்களும், டாக்ஸிசைக்கிளின் போல வெயில் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் உட்காரக் கூடாது.

இன்னொன்று ஆல்ஜினேட் மாஸ்க். கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்து அப்பினால் ரப்பர்போல இறுகி, ஒரே தாளாகக் கழன்று வரும். தேய்த்துக் கழுவும் வேலையே இல்லை. குளிர்ச்சி உடனே தெரியும், அடியில் வாசனை இல்லாத கிரீமை நிறைய தடவிவிட்டுப் போட்டால் அன்றைக்கு முகம் இதமாக இருக்கும். மறுநாள் காற்றில் போய்வந்தால் பழைய இழுப்பு திரும்பிவிடும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், அன்றைய எரிச்சல் தணிய மாஸ்க். வாரத்துக்கு இரண்டு தடவை வந்துபோக முடிகிறவர்களுக்கு லைட்.

எல்லையில் இருப்பதால் கேரளத்து ஆயுர்வேத முகலேபமும் எங்கள் போட்டியில் உண்டு. மஞ்சளும் ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகளும் சேர்த்துக் காய்ச்சும் நால்பாமராதி தைலத்தை நல்ல தோலுக்கு நானே சொல்லுவேன். எரிகிற தோலில் எனக்குப் பயம் எண்ணெயைவிட, அதை எடுக்கப் போடும் பயத்தம் மாவின்மேல்தான். எவ்வளவு சலித்தாலும் அது தேய்ப்புதான். இத்தனை மூலிகை ஒன்றாகச் சேரும்போது ஒத்துக்கொள்ளாதது எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. தனியாக வெர்ஜின் தேங்காயெண்ணெய் பரவாயில்லை. எக்சிமா என்னும் அரிப்புத் தோல்நோய் இருக்கும் குழந்தைகளிடம் செய்த ஒரு ஆய்வில் அது மினரல் ஆயிலைவிட நல்ல பலன் கொடுத்திருக்கிறது. பரு வரும் முகத்துக்கு அதுவும் வேண்டாம். எலுமிச்சையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதன் பி.ஹெச். 2.

இவை எல்லாவற்றையும்விட நான் மேலே வைப்பது, பார்க்க ஒன்றுமே இல்லாதது மாதிரித் தெரியும் வழியை. ஒரு தோல் டாக்டரைப் பார்ப்பது, அவர் நிறுத்தச் சொல்வதை நிறுத்துவது. ராத்திரி ஒரு வேளை மட்டும் சோப்பில்லாத கிளென்சர், ஈரம் காய்வதற்குள் செராமைடு மாய்ஸ்சரைசர், உரிகிற இடத்தில் மட்டும் துளி வாஸ்லின், பகலில் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீன். நீர் ஆவியாகாமல் தடுப்பதில் வாஸ்லினை மிஞ்ச ஆளில்லை. தோலின் மேலடுக்கு புதுசாக மாற 4 வாரம்போல ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். பேக்கேஜ் விற்கிறவர்கள் சொல்லத் தயங்குவது இந்த 4 வாரத்தைத்தான்.

டாக்டர் என்று நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. அந்தக் கல்யாணப் பெண்ணிடம், "என்ன கிரீம் போடறே கண்ணு? வீட்ல இருக்கற எல்லா ட்யூபையும் எடுத்துட்டு வா" என்றேன். மறுநாள் ஒரு பையில் கொண்டுவந்தாள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டாசோன் மூன்றும் கலந்த ட்யூப் ஒன்று, லேபிளே இல்லாத வெள்ளை டப்பா ஒன்று. முதலாவதில் இருக்கும் மொமெட்டாசோன் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே கெடுபிடி வந்துவிட்டது. ஆனாலும் கைமாறி வந்துகொண்டுதான் இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட எரியும், அதனால்தான் குறைத்துக் குறைத்து நிறுத்த டாக்டர் வேண்டும். அந்த டப்பா அதைவிட ஆபத்து. 2023ல் மலப்புறம் பக்கம் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தபோது, அவர்கள் முகம் வெளுக்கப் போட்ட கிரீமில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று கோட்டக்கல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்ற பெயரில் கடைகளைச் சோதித்தது. இப்படி ஒரு டப்பா முகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது எந்த மெஷின் உயர்ந்தது என்று ஒப்பிட்டு என்ன பயன்?

அந்த அம்மாவிடம் நாலு ஃபேஷியலும் வேண்டாம் என்றேன். முகம் வாடிப்போய்விட்டது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவரிடம் கேட்டுக்கொண்டு சிவப்பு லைட் மட்டும் 6 சிட்டிங் வைத்தேன். முகூர்த்தத்தன்று மாய்ஸ்சரைசர் தடவி 20 நிமிடம் விட்டு, பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு, நனைத்த ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஃபவுண்டேஷனை ஒற்றி எடுத்தேன். நெற்றியில் ஒன்றிரண்டு இடம் திட்டாகத்தான் தெரிந்தது, அதை மறைக்க நான் மெனக்கெடவில்லை. எரியுதா என்று இரண்டு தடவை கேட்டேன், இல்லைங்க்கா என்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்த குறைப்புக் கணக்கு இன்னும் முடியவில்லை. அது முடிந்து, ஆனி ஆடியில் ஈரமான மேற்குக் காற்று வந்த பிறகும் முகம் எரியாமல் இருந்தால், மாண்டெலிக் பீல் பற்றி அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.