நேரா சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) சீட்டா, இல்ல உள்ள போய் மாத்திக்கலாமா?

அமெரிக்கால சிஎஸ், இன்ஜினியரிங் படிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அப்ளை பண்ணும்போதே மேஜரோட (அதாவது டிகிரிக்கான முக்கிய பாடத்தோட) சீட் வாங்குறது. இது கஷ்டம்தான், ஆனா கிடைச்சிட்டா தலைவலி முடிஞ்சது. கலிஃபோர்னியால இருக்குற யுசி பெர்க்லி யூனிவர்சிட்டில முன்னாடி உள்ள வந்தப்புறம் மூணு சிஎஸ் கோர்ஸ்ல 3.3 ஜிபிஏ (4க்கு போடுற சராசரி மார்க்) எடுத்தா மேஜர் கிடைக்கும்னு இருந்துச்சு, 2023ல இருந்து முதல்லயே சிஎஸ்க்குன்னு அட்மிஷன் வாங்கணும்னு மாத்திட்டாங்க.

இன்னொண்ணு, பொதுவா இன்ஜினியரிங்ல சேர்ந்துட்டு அப்புறமா பிராஞ்ச் எடுக்குறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டில இந்த முறை பிரபலம், முதல் வருஷ ஜிபிஏ நல்லா இருந்தாதான் கேட்ட மேஜர் கிடைக்க வாய்ப்பு அதிகம், குறைஞ்சா போட்டி போட்டுதான் வாங்கணும், கால்குலஸ்ல ஒரு பி கிரேடு விழுந்தாலே வயிறு கலங்கும், அதுவும் வீட்ட விட்டு வந்த முதல் வருஷத்துல! எந்த பிராஞ்ச்னு இன்னும் தெரியாதவங்களுக்கு இது நல்லது. சிஎஸ் மட்டும்தான் வேணும்னா நான் முதல் வழியத்தான் சொல்லுவேன்.

எம்ஐடி கதையே வேற, உள்ள போயிட்டா எந்த மேஜரும் எடுக்கலாம், ஆனா உள்ள போகணுமே.