பொடுகுத் தேடலின் பருவங்களைக் காண கூகுள் டிரெண்ட்ஸ்: ஒரு மதிப்பீடு

பொடுகைப் பற்றி மக்கள் எந்த மாதங்களில் அதிகம் தேடுகிறார்கள் என்பதைச் செலவின்றி அறிய உதவும் சேவை கூகுள் டிரெண்ட்ஸ். 2004 முதலான தேடல் போக்கை அது நாடுவாரியாக வரைகோடாகக் காட்டுகிறது. எண்களைத் தரவிறக்கிக்கொள்ளவும் முடியும். மற்றப் பயன்களை விட்டுவிட்டு, இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

கோட்டைப் பார்ப்பதற்கு முன் அளவுகோலைப் புரிந்துகொள்வது அவசியம். 0 முதல் 100 வரை காட்டப்படும் எண் தேடியவர்களின் எண்ணிக்கை அன்று. அந்தந்தக் காலத்தில் அந்த நாட்டில் நடந்த மொத்தத் தேடல்களில் பொடுகுக்குரிய பங்கைக் கணக்கிட்டு, உச்சத்தை 100 எனக் கொண்டு, மற்ற மாதங்களை அதற்கேற்ப அமைத்த எண் அது. ஆகவே, ஆண்டிறுதியில் பரிசுப் பொருள்களுக்கான தேடல்கள் பெருகும் ஒரு நாட்டில், பொடுகைத் தேடுவோர் சற்றும் குறையாவிட்டாலும் டிசம்பரில் கோடு இறங்கக்கூடும். பருவத்தை ஆராய்பவருக்கு இது சிறிய குறையன்று, ஏனெனில் வடக்கு நாடுகளில் குளிர் தொடங்குவதும் அதே காலத்தில்தான்.

குளிருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், பொடுகின் இயல்பு அப்படி. தலைத்தோலின் எண்ணெய்ப் பசையில் வாழும் மலசீசியா என்னும் பூஞ்சைக்கு இதில் பங்குண்டு. பொடுகின் கடுமையான வடிவமாகக் கருதப்படும் செபோரிக் டெர்மடைட்டிஸ் குளிர்காலத்தில் மிகுந்து கோடையில் தணிவதைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். மக்களின் தேடலும் இதே தாளத்தில் நகர்கிறதா என்று சோதிக்கத்தான் இந்தச் சேவை மிகவும் கைகொடுக்கிறது. ஒரே ஒப்பீட்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், குளிர்காலம் எதிரெதிர் மாதங்களில் வரும் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். இரு உச்சங்களும் ஏறத்தாழ ஆறு மாத இடைவெளியில் விழுந்தால் தட்பவெப்பத்தைக் காரணமாகச் சொல்லலாம்; ஒரே மாதத்தில் விழுந்தால் விளம்பரம் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் கடுங்குளிரே இல்லாததால், அங்கும் இதே வடிவத்தை எதிர்பார்ப்பது முறையாகாது.

அமைப்புகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். தேடல் சொல்லாக இடுவதைவிடத் தலைப்பாகத் தேர்ந்தெடுத்தால் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களும் மொழிகளும் ஒன்றாகச் சேர்கின்றன. முடி உதிர்தல் போன்ற பெரிய தலைப்பைப் பக்கத்தில் வைத்தால், அதற்கேற்ப அளவுகோல் மாறி, பொடுகின் ஏற்ற இறக்கங்கள் தட்டையாகிவிடும்.

தரவின் உறுதி நடுத்தரமானதே. எண்கள் மாதிரித் தரவிலிருந்து எடுக்கப்படுவதால் வெவ்வேறு நாள்களில் சற்று வேறுபடும்; பலமுறை எடுத்துச் சராசரி காண்பது நல்லது. தேடல் குறைந்த பகுதிகளில் கோடு சுழியத்தில் படுத்துக்கிடக்கும். நீண்ட காலக் கோட்டில் 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் தேடல் நடந்த இடத்தைக் கணிக்கும் முறை அல்லது தரவுச் சேகரிப்பு முறை மேம்படுத்தப்பட்டதாகக் குறிப்புகள் உள்ளன. அந்த இடங்களில் தோன்றும் துள்ளலைப் பருவத்தின் கணக்கில் எழுதக் கூடாது. ஐந்து ஆண்டுக் காட்சி வாரவாரியாக வருவதால், இந்த வேலைக்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

கோட்டைவிட எனக்குப் பிடித்தது, கீழே வரும் தொடர்புடைய தேடல்களின் பட்டியல். மக்கள் பூஞ்சையை ஒடுக்கும் மருந்தான கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பூவைத் தேடுகிறார்களா, வீட்டு வைத்தியத்தைத் தேடுகிறார்களா என்பதை அது சொல்லிவிடும். ஆனால் அதன் ‘வேகமாக உயர்பவை’ பகுதியில் மிகச் சிறிய தேடல்கூடப் பெரிய சதவீதத்தோடு நிற்கலாம்.

தேடல் வேறு, நோய் வேறு. ஆண்டு முழுவதும் பொடுகோடு இருந்து பழகியவர் எதையும் தேடுவதில்லை. எனவே எந்த மாதத்தில் ஆர்வம் கூடுகிறது என்ற கேள்விக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். எத்தனை பேருக்குப் பொடுகு என்பதற்கு இது விடையாகாது. எத்தனை புட்டி ஷாம்பூ வாங்கி வைப்பது என்று முடிவுசெய்ய, மருந்துக்கடைக்காரர் தம் விற்பனைக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும்.