பனியன் கம்பெனிக்கு எந்த இருக்கை: ஸ்டூலா, ஹைட்ராலிக் சேரா, திருகு சேரா?

பெருமாநல்லூர் பக்கத்தில் 14 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுகிறேன். அதற்கு முன் 11 வருடம் நானே ஓவர்லாக்கில் (துணி ஓரத்தை வெட்டியபடியே சேர்த்துத் தைக்கும் மெஷின்) உட்கார்ந்து தைத்தவன். கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. விரலை வைத்து அழுத்தினால் கல் மாதிரி இறுகியிருக்கும். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. திருப்பூரில் எந்த டெய்லரிடம் கேட்டாலும் அவர் கை நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். இன்னொரு கை இடுப்புக்குப் போகும்.

அதனால் கம்பெனிக்கு உட்காரும் சாமான் வாங்குவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மூன்று வருடத்தில் நான்கு வகை போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது 8 மெஷினுக்குத் திருகு சேர், அதாவது இருக்கையைச் சுற்றி உயரம் மாற்றும் சேர் போட்டிருக்கிறேன், மீதிக்கும் அதையே போடப் போகிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

முதலில் மர ஸ்டூல். விலை குறைவு, உடையாது, இடத்தை அடைக்காது. சாய முடியாது, உயரமும் மாறாது. பிளாஸ்டிக் சேரில் சாயலாம் என்று பெயர்தான். அதன் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், ஊசியைப் பார்க்க முன்னால் வரும் டெய்லர் நுனியில்தான் உட்காருவார். முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. இவை இரண்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. போட்டி ஹைட்ராலிக் சேருக்கும் திருகு சேருக்கும்தான்.

அதற்குள் போவதற்கு முன் உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் குஷனைத்தான் அமுக்கிப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் கழுத்தின் கதையைத் தீர்மானிப்பது உயரம்.

மெஷின் டேபிள் ஒரே மட்டத்தில் நிற்கிறது. இருக்கை அதற்குத் தாழ்வாக இருந்தால் துணியைத் தள்ள முழங்கையை வெளியே விரித்துத் தூக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறும். தோள் அப்படியே 10 மணி நேரம் இருந்தால் அந்தக் கல் உருவாகிறது. இருக்கை மிக உயர்ந்துவிட்டால் ஊசி கண்ணுக்குத் தூரமாகும், தலை கவிழும். 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். தலை நேராக இருக்கும்போது கழுத்து தாங்குவது 4.5 முதல் 5.5 கிலோ. 15 டிகிரி கவிழ்ந்தால் 12 கிலோ, 30 டிகிரிக்கு 18 கிலோ, 60 டிகிரிக்கு 27 கிலோ. இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, ஆளை உட்காரவைத்து அளந்தது இல்லை. குனிந்தவர்களுக்கெல்லாம் வலி வந்தே தீரும் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. ஆனாலும் ஓவர்லாக்கில் இருக்கும் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். 30 டிகிரிக்குக் குறைந்து யார் தலையும் இருக்காது.

எங்கள் கம்பெனியில் அனுபவத்தில் வந்த அளவு இது: கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், டேபிள் மட்டம் முழங்கையை விட நாலு விரல் மேலே இருக்க வேண்டும். அப்போது தோளும் ஏறாது, தலையும் அதிகம் கவிழாது. டேபிளின் பின்கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, டேபிள் நம் பக்கமாகக் கொஞ்சம் சரியும்படி செய்தால் இன்னும் நல்லது. பெடலையும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பெடல் கிட்டே இருந்தால் கால் பின்னால் மடங்கும், உடம்பு தானாக முன்னால் விழும்.

டேபிள் ஸ்டாண்டின் காலிலேயே போல்ட் இருக்கிறதே, அதை ஏற்றி இறக்கலாமே என்று கேட்கலாம். ஆள் மாறும்போதெல்லாம் ஸ்பானர் எடுத்து அதை யார் செய்வார்கள்? காலையில் ஓவர்லாக்கில் இருப்பவர் மதியம் சிங்கருக்கு, அதாவது ஒற்றை ஊசி மெஷினுக்குப் போவார், இன்னொருவர் அங்கே வந்து உட்காருவார். எங்களிடம் இருப்பவர்களில் மிக உயரமானவர் ஒடிசாவிலிருந்து வந்த தம்பி. மிகக் குள்ளமானவர் குன்னத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் மூத்த அக்கா. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே மெஷினில் உட்காருவது உண்டு. ஆகவே மாற வேண்டியது இருக்கைதான். அதுவும் அரை நிமிடத்தில், கையாலேயே மாற வேண்டும்.

அப்படி யோசித்துத்தான் முதலில் ஹைட்ராலிக் சேர் 4 வாங்கினேன். ஒன்று 4,600 ரூபாய். வாங்கிய அன்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நெம்புகோலைத் தூக்கினால் ஏறும், உட்கார்ந்து தூக்கினால் இறங்கும். இதைவிட வசதியாக உயரம் மாற்ற வேறு எதனாலும் முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆறு மாதம் நன்றாகவே ஓடியது.

பெயர் ஹைட்ராலிக் என்றாலும் அந்த உருளைக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. அதை அடைத்து நிற்கும் சீல் தேய்ந்து வாயு கசிந்துவிட்டால் திரும்ப நிரப்ப வழியில்லை, உருளையையே மாற்ற வேண்டும். எங்களிடம் 14 மாதத்தில் 4இல் 3 சேர் இறங்கத் தொடங்கின. பட்டென்று இறங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். காலையில் வைத்த உயரம் டீ நேரத்துக்குள் இரண்டு விரல் குறையும், மதியத்துக்குள் இன்னும் இரண்டு விரல். தைப்பவர் கவனம் ஊசியில் இருக்கிறது, அவருக்குத் தெரிவதில்லை. தோள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது. அந்த அக்காதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்: "தம்பி, காலைல வெச்ச ஒசரம் மத்தியானம் இருக்கறதில்லீங். எனக்கு மறுபடியும் பழைய எடத்துலயே புடிக்குதுங்." மறுநாள் பார்த்தால் வேஸ்ட் துணியை நாலாக மடித்து, எலாஸ்டிக் போட்டு இருக்கையில் கட்டியிருந்தார். 4,600 ரூபாய் சேர் மேல் பனியன் வேஸ்ட். அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

உருளையை மாற்றக் கேட்டால் வாங்கிய கடையில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். பத்து நாள் அந்த மெஷினுக்கு மறுபடி ஸ்டூல். அப்புறம் சக்கரம். பெடலை மிதிக்கும்போது சேர் பின்னால் நகரும். நகராமல் இருக்க டெய்லர் வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டே தைப்பார், சாயங்காலம் இடுப்பு பிடிக்கும். சக்கர அச்சில் நூல் சுற்றும், பஞ்சு அடையும். செக்கிங் பெண்கள் வைத்திருக்கும் ட்ரிம்மரால் வாரம் ஒரு முறை வெட்டி எடுத்தோம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு புஷ் போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. உருளைக்கு மட்டும் மருந்து இல்லை. ஏசி போட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிறவருக்கு இதே சேர் பல வருடம் வரலாம். பஞ்சும் மெஷின் எண்ணெயும் பறக்கும் இடத்தில் எனக்கு வரவில்லை.

திருகு சேரை கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தேன். நடுவில் தடித்த திருகுத்தண்டு, மேலே பலகை, அதன் மேல் ஒன்றரை அங்குல ரீபாண்ட் (ஃபோம் துண்டுகளை அழுத்திச் செய்த கெட்டி மெத்தை), இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன சாய்மானம், கீழே நாலு கால், கால் வைக்க ஒரு வளையம். ஒன்று 2,300 ரூபாய் ஆயிற்று. இருக்கையைச் சுற்றினால் ஏறும், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். மரை தேய்ந்தால் பெருமாநல்லூரிலேயே எந்த லேத்திலும் புதுத் தண்டு கடைந்துகொள்ளலாம். முழு சேரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

முதல் 2 சேரில் ஒரு தவறு செய்தேன். பூட்டு வைக்கவில்லை. டெய்லர் பண்டல் எடுக்க இடது பக்கம் திரும்பினால் இருக்கையும் கூடவே சுற்றும், சுற்றினால் உயரம் மாறும். ஹைட்ராலிக்கில் பட்ட அதே அவதி. அடுத்த 6 சேருக்குப் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த போல்ட் ஒன்று வைத்தோம். உயரம் வைத்ததும் இறுக்கிவிட்டால் அசையாது. பழைய 2 சேருக்கும் பிறகு அதையே பொருத்தினோம். நீங்கள் செய்யச் சொன்னால் வேறு எதை விட்டாலும் இந்தப் போல்ட்டை விட்டுவிடாதீர்கள்.

பராமரிப்பு வேலை ஒன்றே ஒன்றுதான். மரையில் கிரீஸ் போட்டால் பஞ்சு ஒட்டிக் களிமண் மாதிரி ஆகிவிடும். அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுகிறோம். பனியன் கழுத்துக்குப் போடும் ரிப் துணியில் குழாய் மாதிரி தைத்து, தண்டுக்கு உறை போட யோசனை சொன்னது எங்கள் கைமடி பெண், அதாவது டெய்லருக்குக் கூட இருந்து உதவுபவர். இருக்கை ஏறினால் உறையும் நீளும், இறங்கினால் சுருங்கும். உறை போட்ட பிறகு மரையில் பஞ்சே இல்லை. இப்போது 20 மாதம் ஆகிறது, 8 சேரும் வைத்த உயரத்தில் நிற்கின்றன. டேபிள் காலில் ஆளுக்கொரு நிறத்தில் பெயின்ட் கோடு போட்டிருக்கிறோம், இருக்கையை அவரவர் கோட்டு மட்டத்துக்குச் சுற்றிக்கொள்வார்கள்.

சாய்மானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தைக்கும்போது யாரும் அதில் சாய்வதில்லை. எந்தச் சேரிலும் சாய்வதில்லை. ஒரு பண்டல் முடிந்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கும் நேரத்தில்தான் முதுகு அதில் படும். அந்த நேரமே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். 1999இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் அவர் குழுவினரும் ஒருவரின் இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தட்டுக்குள் (டிஸ்க்) அழுத்தமானியையே வைத்து அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாய்மானம் இல்லாமல் தளர்வாக உட்கார்ந்தால் 0.46, உட்கார்ந்தபடி முழுக்கக் குனிந்தால் 0.83, பின்னால் தளர்ந்து சாய்ந்தால் கிட்டத்தட்ட 0.3. ஒரே ஒருவரை வைத்து அளந்ததுதான். ஆனால் உட்காருவதே கெடுதல் என்று சொல்பவர்களுக்கு இது நல்ல பதில். குனிந்த நிலையில் அப்படியே உறைந்து கிடப்பதுதான் தொல்லை. சாய்மானம் அகலமாக இருக்கக் கூடாது, பீஸ் எடுக்கத் திரும்பும்போது முழங்கை இடிக்கும். ஒரு சாண் அகலம் போதும்.

சேரால் ஆகாத காரியமும் உண்டு. பண்டல் தரையில் கிடந்தால் 600 பீஸ் ஓட்டுபவர் 600 தடவை குனிந்து திரும்புகிறார். இருக்கை மட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டு செய்து இடது பக்கம் வைத்தோம். இடுப்பு வலி குறைந்ததில் பாதிப் பங்கு அந்த ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம், பிரித்து அளக்க வழியில்லை. அடுத்த பண்டலை டெய்லரே எழுந்து போய் எடுத்துவரும்படி மாற்றினோம். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது அந்த நாலு எட்டு நடையை அவர்களே விடுவதில்லை.

பேட்லாக்கில் (மடித்த ஓரத்தைத் தட்டையாகத் தைக்கும் மெஷின்) நான் அதிகம் உட்கார்ந்தவன் இல்லை. அங்கே 2 பேர் இன்னும் ஸ்டூலே போதும் என்கிறார்கள், அவர்களை நான் கட்டாயப்படுத்தவில்லை. நின்றுகொண்டே தைக்கும் முறையையும் நான் செய்து பார்க்கவில்லை. கை, கால் மரத்துப்போவது, பிடி நழுவுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது என்றால் அது சேர் மாற்றித் தீரும் வலி இல்லை, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது உங்களிடம் இருப்பவர்களில் மிக உயரமானவரையும் மிகக் குள்ளமானவரையும் கூட்டிப் போங்கள். நான் தனியாகப் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். கால் வளையம் அந்த அக்காவுக்கு எட்டவில்லை, இப்போது செங்கல் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் சொல்லப்போகும் 6 சேருக்கு அவரும் என்னோடு கணபதிக்கு வருகிறார்.