படிவத்திலிருந்து விரிதாளுக்கு: ஒரு கமக்காரர் அமைப்பின் போகப் பதிவு

கூகுள் படிவத்தை நிரப்பி ஒருவர் அனுப்பியதும், அந்தப் பதில் கூகுள் ஷீட்ஸ் என்ற விரிதாளில் தானாகவே ஒரு வரியாக வந்து விழும். கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் போகப் பதிவுகளை 2022 முதல் இந்த முறையில்தான் வைத்திருக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த இணைப்பு இன்றுவரை அறுந்ததில்லை, அனுப்பிய எந்தப் பதிலையும் தொலைத்ததில்லை. எங்களுக்கு வந்த தலையிடி எல்லாம் நாங்கள் கேட்ட கேள்விகளாலும் அவற்றுக்கு மனிதர் எழுதிய பதில்களாலும் வந்ததுதான்.

அதற்கு முன்னர் வாய்க்கால் பிரதிநிதிகள் ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பியோடு (தடித்த அட்டைக் குறிப்பேடு) வருவார்கள். யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், என்ன விதைநெல், உரம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து நான் தட்டச்சு செய்ய வேண்டும். பெரும்போகமான காலபோகத்தில் மழை கைகொடுப்பதால் வழக்கமாக வயல் முழுதும் விதைப்பார்கள். பட்டியலில் பெரிய சண்டை வராது. சிறுபோகம் அப்படியல்ல. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகும். அந்த அளவு பங்காகப் பிரியும்போது அரை ஏக்கரும் கால் ஏக்கரும் உயிர்ப் பிரச்சினையாகிவிடும். 2022இல் டீசல் தட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. உழவுக்கு டீசல் வேண்டுமென்றால் பட்டியல் வேண்டும், அதுவும் நாளைக்கே வேண்டும். கொப்பியும் தட்டச்சும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

இணைப்பது மிகச் சுலபம். படிவத்தின் பதில்கள் பகுதியில் ஷீட்ஸுடன் இணைக்கும் பொத்தான் இருக்கிறது. புதிய விரிதாளா, ஏற்கெனவே உள்ளதா என்று கேட்கும். அவ்வளவுதான். பணம் கட்டி இடையில் வேறு சேவை எதையும் போடத் தேவையில்லை. அப்படிப்பட்ட சேவைகள் டாலரில் கட்டணம் கேட்பவை. ரூபாய் சரிந்த 2022க்குப் பிறகு டாலரில் மாதச் சந்தா கட்டும் கமக்காரர் அமைப்பை நான் காணவில்லை. இணைத்த கையோடு ஒன்றைச் செய்துவிடுங்கள். விரிதாளின் அமைப்புகளில் நேர வலயம் கொழும்பு நேரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வரியின் முதல் நிரலிலும் பதிவான நேரம் வந்து நிற்கும். யார் முதலில் பதிந்தார் என்ற வாக்குவாதம் வரும் இடத்தில் அந்த நிரலுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

இனி அரை ஏக்கருக்கு வருவோம். 'எத்தனை ஏக்கர்?' என்ற கேள்விக்கு விடையை வெறும் எழுத்துப் பெட்டியாக விட்டிருந்தோம். சிலர் 0.5 என்றும், சிலர் அரை என்றும், பலர் 1/2 என்றும் எழுதினார்கள். படிவம் மூன்றையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. விரிதாள்தான் 1/2 என்பதை ஜனவரி 2 என்ற திகதியாக எடுத்துக்கொண்டது. ஷீட்ஸுக்குத் திகதி என்பது உள்ளே ஓர் எண். 2023 ஜனவரி 2 என்றால் அதற்கு 44,928. ஆகவே அரை ஏக்கர் வைத்திருந்த ஒரு மனிதர் கூட்டுத்தொகையில் 44,928 ஏக்கர் நிலச்சுவான்தார் ஆனார். இரணைமடுவின் கீழ் விளையும் வயல் அத்தனையையும் சேர்த்தாலும் அந்தக் கணக்கு வராது. அதனால்தான் பிழை உடனே கண்ணில் பட்டது, சிரித்துவிட்டுத் திருத்தவும் முடிந்தது.

சிரிக்க முடியாதது மற்றப் பிழை. 'அரை' என்றும் 'ஒன்றரை' என்றும் '1 1/2' என்றும் எழுதியவை விரிதாளுக்கு வெறும் எழுத்து. கூட்டும்போது எழுத்துள்ள கட்டங்களை அது சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. பிழை என்று எதுவும் காட்டாது. மொத்தப் பரப்பு கொஞ்சம் குறைவாக, நம்பும்படியாகவே வந்து நிற்கும். பரப்பு குறைந்தால் உரக் கணக்கும் குறையும். பெரிய பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம், சின்னப் பொய்தான் ஆபத்து. இப்போது அந்தக் கேள்விக்கு எண் மட்டுமே ஏற்கும்படி சரிபார்ப்பு போட்டிருக்கிறோம். வேறெதையாவது எழுதினால், 'அரை ஏக்கர் என்றால் 0.5 என்று எழுதுங்கள். கால் ஏக்கர் என்றால் 0.25' என்று சிவப்பில் தமிழிலேயே வரும். அந்தச் செய்தியை நாமே எழுதிக்கொள்ளலாம் என்பது படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஆங்கிலத்தில் வரும் பொதுவான எச்சரிக்கையைப் பார்த்து யாரும் எதையும் திருத்தமாட்டார்கள்.

அடையாள அட்டை இலக்கம் இன்னொரு கதை. பழைய அட்டை ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். ஷீட்ஸில் இரண்டும் ஒழுங்காகத்தான் தெரியும். அதை சி.எஸ்.வி. என்ற வெற்றுரைக் கோப்பாக இறக்கி அலுவலகக் கணினியின் எக்செலில் திறந்தால், பன்னிரண்டு இலக்க எண் சுருங்கி, நடுவே புள்ளியும் பின்னால் கூட்டல் குறியுமாக விஞ்ஞானக் குறியீட்டில் நிற்கும். பல கணினிகளில் தமிழ்ப் பெயர்களும் குப்பைக் குறிகளாக மாறும். எக்செல் கோப்பாகவே இறக்குவதும், அதற்கு முன் அந்த நிரலை வெற்று எழுத்தாக வடிவமைப்பதும் போதும். தொலைபேசி இலக்கத்தில் முன்னால் உள்ள சைபர் காணாமற்போவதும் இதே வகை. அதற்கு இரண்டாவது தாளில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன். அது சைபரைத் திரும்ப ஒட்டிவிடுகிறது.

சூத்திரம் என்றதும் முக்கியமான ஒன்று. பதில்கள் வந்து விழும் தாளைத் தொடாதீர்கள். அதன் பக்கத்து நிரலில் சூத்திரம் எழுதிக் கீழே இழுத்து வைத்தால், அடுத்த பதில் புதிய வரியாக நுழையும்போது அந்தச் சூத்திரங்களைக் கீழே தள்ளிவிடும். புதிய வரியின் பக்கத்தில் வெறுமைதான் இருக்கும். கணக்கெல்லாம் இன்னொரு தாளில், கியூரி (QUERY) என்ற ஷீட்ஸ் சூத்திரம் மூலம் இழுத்துச் செய்வதே நிம்மதி. இடையில் ஒரு கேள்வியை அழித்துவிட்டு அதையே புதிதாக எழுதினாலும் பழைய நிரல் அப்படியே கிடக்க, புதிய நிரல் ஒன்று முளைக்கும். எனவே போகம் தொடங்கிய பின் கேள்விகளில் கை வைக்கக்கூடாது என்று கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

ஊர்ப் பெயரை எழுதவிடாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வைத்தது பெரிய வெற்றி. முரசுமோட்டை என்ற ஒரே ஊரை மனிதர் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று நம்பமாட்டீர்கள். ஆட்பெயருக்கு அப்படிச் செய்ய முடியாது. கிருஷ்ணனும் கிருஸ்ணனும் ஒருவரே என்று விரிதாளுக்குத் தெரியாது. ஆளை அடையாள அட்டை இலக்கத்தால் பிடிப்பதே வழி. அலுவலகங்களிலிருந்து பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் வரும் பழைய பட்டியல்களை அப்படியே ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் விட நேரம் எடுத்தது ஆட்களிடம். வன்னியில் பதிவு என்றால் சும்மா இல்லை. இடம்பெயர்ந்த காலத்தில் பதிந்தார்கள், முகாமில் பதிந்தார்கள், மீள்குடியேறியபோது பதிந்தார்கள், வீட்டுத் திட்டத்துக்குப் பதிந்தார்கள். மருதநகரில் ஒரு அம்மா என் தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பி, கொப்பியில் எழுதினால் அது உங்களிடம் இருக்கும் என்று தெரியும். இது எங்கே போகிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விரிதாளைத் திறந்து அவருடைய வரியைக் காட்டினேன். யார் யார் பார்க்கலாம் என்பதையும் காட்டினேன். மூன்று பேரின் பெயர் இருந்தது. அதன் பிறகுதான் அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னார்.

ஆகவே இணைப்பு தெரிந்த எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் இந்த விரிதாளை ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரு தாளை மறைத்து வைத்தால் போதும் என்று நினைப்பதும் வீண். பார்வையிடும் அனுமதி உள்ளவர் பிரதியெடுத்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். வட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய பட்டியலுக்கு வேறு கோப்பு தொடங்கி, பெயரும் ஏக்கரும் வாய்க்காலும் மட்டும் அதற்குள் இழுத்துவிடுகிறேன். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

எல்லோரும் தாமே நிரப்புவார்கள் என்ற எண்ணத்தையும் சீக்கிரம் விட்டுவிட்டோம். ஒரு வீட்டின் தொலைபேசியில் நாலு வீட்டுக்குப் பதிகிறார்கள். அதனால் ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாடு எங்களுக்கு உதவாது. அதற்குக் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். கோப்பு பதிவேற்றும் கேள்விக்கும் அதே நிபந்தனை. காணி அனுமதிப்பத்திரத்தின் படத்தைக் கேட்ட கேள்வியை இதனால்தான் எடுத்துவிட்டோம். கடவுச்சொல்லைத் தொலைபேசிக் கடைக்காரர் மட்டும் அறிந்த வீடுகள் பல. ஒரே அடையாள அட்டை இலக்கம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து இரட்டைப் பதிவுகளைக் களைகிறேன். 'உங்கள் பதிவு கிடைத்தது, மீண்டும் நிரப்ப வேண்டாம்' என்று முடிவுச் செய்தியை மாற்றிய பின் அவை பாதிக்கு மேல் குறைந்தன.

சிக்னல் இல்லாத இடத்தில் கூகுள் படிவம் வேலை செய்யாது. பரந்தனிலும் கிளிநொச்சி நகரிலும் இது குறையாகத் தெரியாது. நெடுங்கேணிப் பக்கம் காட்டோரக் கிராமங்களில் வேலை செய்யும் நண்பர்கள் கோபோ டூல்பொக்ஸ் என்ற தரவு சேகரிப்புக் கருவியைப் பாவிக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு அது பழக்கம். சிக்னல் இல்லாமலே நிரப்பிச் சேமித்துவிட்டு, பிறகு வீதிக்கு வந்து அனுப்பலாம். படிவத்தை அமைப்பது கூகுளை விடக் கொஞ்சம் கடினம். உட்கிராமம் என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பும் சிறு கணினி நிரல் (ஸ்கிரிப்ட்) ஒன்றை வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் எழுதித் தந்தார். நன்றாகவே ஓடியது. இலவசக் கணக்கில் இப்படி ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்பலாம் என்பதோ, பதிவு திறக்கும் முதல் நாளிலேயே அது முடிந்துவிடும் என்பதோ எங்களுக்குத் தொல்லையாக இருக்கவில்லை. மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர் எங்கள் அமைப்பில் யாருமில்லை. நிறுத்திவிட்டோம்.

கடைசியில் எல்லாம் கடதாசிக்குத்தான் போகிறது. கமக்காரர் கையொப்பமிட்ட பட்டியலைத்தான் அலுவலகம் ஏற்கும். வாய்க்கால் வாரியாக வடிகட்டி, ஏ4 தாளில் குறுக்காக, வலது ஓரத்தில் கையொப்பத்துக்கு வெற்று நிரல் விட்டு அச்சிடுகிறேன். அந்த நிரலைக் கொஞ்சம் அகலமாக வையுங்கள். வயலிலிருந்து நேரே வருபவர்கள் பெரிதாகத்தான் கையொப்பமிடுகிறார்கள்.